பத்தாம் வகுப்பு உலக வரலாறு: கோடை விடுமுறையில் என்ன செய்வது?

கேள்வி: நாங்கள் டெக்சாஸில் வசிக்கிறோம். ஒன்பதாம் வகுப்பை முடித்திருக்கும் என் மகள், ஆகஸ்டில் தொடங்கும் பத்தாம் வகுப்பில் ஏ.பி. (பள்ளியிலேயே படிக்கும் கல்லூரித் தரப் பாடம்) உலக வரலாறு எடுத்திருக்கிறாள். கணக்கிலும் அறிவியலிலும் நன்றாகச் செய்பவள். ஆனால் நீளமான பாடங்களைப் படிக்கச் சலித்துக்கொள்கிறாள். கோடைப் பயிற்சி வகுப்பில் சேர்த்து முதல் நான்கு அலகுகளை முடித்துவிடும்படி தெரிந்தவர்கள் சொல்கிறார்கள். ஜூன், ஜூலையில் ஐந்து வாரம் திருநெல்வேலியில் என் பெற்றோர் வீட்டில் இருப்போம். நான் பள்ளியில் வரலாற்றை மனப்பாடம் செய்தே தேறியவள். அவளுக்கு நான் எப்படி உதவுவது? பயிற்சி வகுப்பு தேவையா? என்ன புத்தகங்கள் வாங்க வேண்டும்? இந்தப் பாடம் அவளுக்குச் சுமையாகிவிடுமா? இதில் பெறும் மதிப்பெண் கல்லூரியில் கைகொடுக்குமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு, வணக்கம்.

பயிற்சி வகுப்பில் சேர்க்க வேண்டாம். கட்டணம் செலுத்தும் காலம் இதுதான் என்பதால் இந்தக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். முதல் நான்கு அலகுகள் 1200 முதல் 1750 வரையிலான ஐந்தரை நூற்றாண்டுகளை உள்ளடக்கியவை. மே மாதம் நடக்கும் ஏ.பி. தேர்வின் எடையில் 40 முதல் 50 விழுக்காடு வரை அவற்றுக்கு உரியது. பள்ளியில் ஏறத்தாழ அரையாண்டு நடத்தப்படும் அந்தப் பகுதியைச் சில வாரங்களில் முடிப்பதாகச் சொன்னால், பெயர்களையும் ஆண்டுகளையும் ஒப்பிக்க வைப்பதைத் தவிர வேறு எதற்கும் அங்கே நேரம் இருக்காது. அப்படிப் படித்துவிட்டு வரும் பிள்ளைகள் செப்டம்பரில் "இதெல்லாம் எனக்குத் தெரியும்" என்று வகுப்பில் கவனம் குறைந்து உட்கார்ந்திருப்பதையும், முதல் கட்டுரையைத் திருப்பிக் கொடுக்கும்போது அவர்களுடைய முகம் வாடுவதையும் ஆண்டுதோறும் பார்க்கிறேன். அவர்களுக்குச் செய்திகள் தெரிந்திருக்கின்றன. அவற்றைக் கொண்டு ஒரு வாதத்தைக் கட்டுவது எப்படி என்று யாரும் சொல்லித் தந்திருக்கவில்லை.

தேர்வின் அமைப்பை நீங்கள் ஒருமுறை அறிந்துகொண்டால் நான் சொல்வதன் காரணம் விளங்கும். 55 நிமிடங்களில் 55 பல்தேர்வுக் கேள்விகள். மொத்த மதிப்பெண்ணில் 40 விழுக்காடு இவற்றுக்கு. இவை தனித்தனிச் செய்திகளைக் கேட்பவை அல்ல. ஒரு பயணியின் குறிப்பு, ஓர் அரசாணை, ஒரு வரைபடம், ஒரு வரலாற்றாய்வாளரின் பத்தி என்று ஏதாவது ஒன்றைக் கொடுத்து, அதைப் படித்துப் பொருள் கொண்டால் மட்டுமே விடையளிக்கக்கூடிய கேள்விகளைத் தொகுப்புத் தொகுப்பாகக் கேட்பார்கள். அடுத்து 40 நிமிடங்களில் மூன்று சிறு விடைகள். அவற்றுக்கு 20 விழுக்காடு. பிறகு, மாணவர்கள் டி.பி.க்யூ. என்று சொல்லும் ஆவணக் கட்டுரை வரும். ஏழு ஆவணங்களைப் படித்து, அவற்றையே சான்றாகக் கொண்டு ஒரு மணி நேரத்துக்குள் எழுத வேண்டிய அந்த ஒரு கட்டுரைக்கு மட்டும் 25 விழுக்காடு. கடைசியாக, ஆவண உதவி ஏதுமில்லாமல் 40 நிமிடங்களில் எழுதும் நீண்ட கட்டுரைக்கு 15 விழுக்காடு. 2025 மே மாதத்திலிருந்து இவை அனைத்தும் கணினியில் நடத்தப்படுகின்றன.

ஆகவே, வேகமாகவும் கவனமாகவும் படிப்பது, படித்ததை வைத்து ஒரு கருத்தை நிறுவுவது ஆகிய இரண்டும் கைவந்த பிள்ளைக்கு இந்தப் பாடம் பிடிபட்டுவிடும். ஓர் ஆண்டைக் கேட்டவுடன் சொல்லும் திறமைக்கு இங்கே நேரடியாக மதிப்பெண் கிடையாது. நீங்கள் படித்த முறையில் ஐந்து மதிப்பெண் கேள்விக்கு ஐந்து குறிப்புகளை வரிசையாக எழுதினால் போதுமானதாக இருந்தது. அந்த முறைக்கு அதற்கே உரிய ஒழுக்கமும் பயனும் உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அதையே மகளுக்குச் சொல்லிக்கொடுத்தால் அவள் உழைப்பு வீணாகும்.

கோடையில் செய்ய வேண்டியவற்றுள் தலையாயது வாசிப்பு. நீளமான பாடங்கள் அவளுக்குச் சலிப்பூட்டுகின்றன என்று எழுதியிருக்கிறீர்கள். அவளை நான் பார்த்ததில்லை என்றாலும், இந்தப் பாடத்தில் அவள் இடறக்கூடிய இடம் அதுவாகத்தான் இருக்கும் என்று எண்ணுகிறேன். அறிவியல் பாடநூலில் ஒரு பக்கத்தை நிறுத்தி நிதானமாகப் படித்து, கணக்கைப் போட்டுப் பார்த்துப் புரிந்துகொள்ளப் பழகிய பிள்ளைகள், ஒரே மாலையில் இருபது முப்பது பக்க உரைநடையைப் படித்து அதன் சாரத்தைப் பிடிக்கச் சொன்னால் திணறுகிறார்கள். இது அறிவுக் குறைவு அன்று, பழக்கக் குறைவு. நாள்தோறும் நாற்பது நிமிடம், கைபேசி அருகில் இல்லாமல், ஏதேனும் ஒரு நல்ல வரலாற்று நூலை அவள் படிக்கட்டும். பாடத்திட்டத்துக்கு நேரடியாகப் பொருந்தாத நூலாக இருந்தாலும் பரவாயில்லை. ஒவ்வோர் அத்தியாயத்தையும் முடித்ததும், "இந்த ஆசிரியர் எதை நிறுவப் பார்க்கிறார், அதற்கு என்ன சான்று காட்டுகிறார்" என்று இரண்டு வாக்கியங்களைக் குறிப்பேட்டில் எழுதினால் போதும். முதல் வாரம் அந்த இரண்டு வாக்கியங்களும் அத்தியாயத்தின் கதைச்சுருக்கமாகவே இருக்கும். வாரங்கள் செல்லச் செல்ல அவை ஆசிரியரின் வாதத்தைச் சொல்லத் தொடங்கும். அந்த மாற்றம் நிகழ்ந்துவிட்டால் கோடை நன்றாகவே கழிந்தது என்று கொள்ளலாம்.

கணக்கில் ஆர்வமுள்ள பிள்ளைக்கு அந்த வழியாகவே வரலாற்றுக்குள் நுழைய ஒரு நல்ல வாசல் உண்டு. 1258-இல் மங்கோலியர் ஹுலாகு கானின் தலைமையில் பாக்தாத்தை அழித்தார்கள். அடுத்த ஆண்டே, அதே ஹுலாகுவின் ஆதரவில் இன்றைய ஈரானின் வடமேற்கில் உள்ள மராகாவில் ஒரு வானாய்வுக்கூடம் எழத் தொடங்கியது. அதை நடத்தியவர் நசீர் அல்-தின் அல்-தூசி. முக்கோணவியலை வானியலின் துணைக் கருவி என்ற நிலையிலிருந்து தனித் துறையாக வளர்த்தவர் அவர். ஒரு பேரரசு ஒரு கையால் நூலகங்களை அழித்துக்கொண்டு மறு கையால் அறிஞர்களைத் திரட்டியது ஏன் என்ற கேள்வியை உங்கள் மகளிடம் கேட்டுப் பாருங்கள். முதல் இரண்டு அலகுகளின் மையமே அந்தக் கேள்விக்குள் அடங்கியிருக்கிறது. அல்-தூசியின் பெயர் இப்பாடத்திட்டத்தின் எடுத்துக்காட்டுகளிலும் இடம்பெறுகிறது.

அடுத்ததாக, பள்ளியில் நேரம் கிடைக்காத ஒரு பகுதியைச் சொல்ல வேண்டும். இந்தப் பாடம் முன்பு கற்காலத்திலிருந்தே தொடங்கியது. ஏ.பி. தேர்வுகளை நடத்தும் அமைப்பான காலேஜ் போர்டு அதைச் சுருக்கி, 2019-20 கல்வியாண்டு முதல் 1200-ஐத் தொடக்கமாக வைத்திருக்கிறது. 1450-இலிருந்து தொடங்கலாம் என்பதே அவர்களுடைய முதல் திட்டம். ஐரோப்பியர் கடலோடத் தொடங்கிய காலமே உலகின் தொடக்கம் போல் ஆகிவிடும் என்று ஆசிரியர்களும் மாணவர்களும் எதிர்த்ததால் 1200 என்று மாற்றினார்கள். அந்த எதிர்ப்பு நியாயமானது என்றே நான் இன்றும் கருதுகிறேன். ஆயினும், 1200-இல் கதவைத் திறந்தால் உள்ளே பௌத்தம், கிறித்தவம், இஸ்லாம், கன்பூசியம் எல்லாம் ஏற்கெனவே பரவி நிற்கின்றன; அப்பாசியக் கலீபகம் தளர்ந்து கிடக்கிறது; சொங் சீனா காகிதப் பணம் அச்சிட்டுக்கொண்டிருக்கிறது. இவையெல்லாம் எப்படி வந்தன என்பதை ஆசிரியர் ஓரிரு வாரங்களில் சொல்லிவிட்டுக் கடந்துபோக நேரும். தேர்வில் இப்பகுதியிலிருந்து கேள்வி வராது. ஆனால் இது தெரியாத பிள்ளைக்கு முதல் அலகு முழுவதும் வெறும் பெயர்ப்பட்டியலாகவே தோன்றும். பெரும் சமயங்களின் தோற்றமும் பரவலும், ரோம், ஹான் பேரரசுகளின் எழுச்சியும் சரிவும், இஸ்லாமியப் பேரரசுகளின் விரிவு, தாங் சீனா ஆகியவற்றைப் பற்றி மேலோட்டமாகவேனும் அவள் கோடையில் படித்துக்கொள்ளலாம். கான் அகாடமியின் இலவசக் காணொளிகளும் கட்டுரைகளும் இதற்குத் தாராளமாகப் போதும்.

மனப்பாடம் செய்யத் தகுந்தது ஒன்று உண்டென்றால் அது உலக வரைபடம். பெயர் எழுதப்படாத வரைபடத்தை அச்சிட்டு, மலாக்கா, ஹோர்முஸ், பாப்-எல்-மந்தெப் நீரிணைகள், சகாராவைக் கடக்கும் வணிகப் பாதைகள், பட்டுப் பாதையின் நகரங்கள், நான்கு மங்கோலியக் கானரசுகள், ஒட்டோமான், சஃபாவித், முகலாயப் பேரரசுகளின் எல்லைகள் ஆகியவற்றைப் பார்க்காமல் குறிக்கும்வரை அவள் பழகட்டும். இதில் நீங்களும் உடன் உட்கார்ந்து போட்டி போடலாம்.

இனி ஆவணத்தைப் படிக்கும் பயிற்சி. மாணவர்கள் மிகுதியாக மதிப்பெண் இழப்பது இங்கேதான் என்பதால் ஓர் எடுத்துக்காட்டைச் சற்று விரிவாகவே பார்ப்போம். கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. மிங் பேரரசர் யோங்லவின் ஆணைப்படி சீனாவில் பொறிக்கப்பட்டு, 1409 என்ற தேதியுடன், தளபதி செங் ஹவின் கப்பற்படை இலங்கைக்குக் கொண்டுவந்த கல் அது. 1911-இல் காலி நகரில் கண்டெடுக்கப்பட்டது. அதில் சீனம், தமிழ், பாரசீகம் என மூன்று மொழிகளில் எழுதப்பட்டிருக்கிறது. சீனப் பகுதி புத்தரைப் போற்றிக் காணிக்கைகளைப் பட்டியலிடுகிறது. தமிழ்ப் பகுதியில் காணிக்கைகள் தென்னாவரை நாயனார் என்ற இறைவனுக்கு அளிக்கப்படுகின்றன. சிதைந்துள்ள பாரசீகப் பகுதி இஸ்லாமிய மரபைச் சார்ந்தது. பொன், வெள்ளி, பட்டு, நறுமணப் பொருள்கள், எண்ணெய் என்று காணிக்கைகள் மூன்றிலும் ஏறத்தாழ ஒன்றே.

இந்தக் கல்லின் படத்தையும், இணையத்தில் எளிதாகக் கிடைக்கும் மொழிபெயர்ப்பையும் மகளிடம் கொடுத்து, நான்கு கேள்விகளுக்கு அவளையே விடை தேடச் சொல்லுங்கள். இதை எழுதச் சொன்னவர் யார், அப்போது அவருடைய நிலை என்ன? யோங்லவ் தம் அண்ணன் மகனைப் போரில் வீழ்த்தி 1402-இல் அரியணை ஏறியவர். தம் ஆட்சியின் பெருமையைக் கடல் கடந்தும் காட்ட வேண்டிய தேவை அவருக்கு இருந்தது. யார் படிப்பதற்காக எழுதப்பட்டது? கல் நின்றது இலங்கையில், ஆனால் அதில் சிங்களம் இல்லை. இம்மூன்று மொழிகளும் காலித் துறைமுகத்துக்கு வந்துபோன வணிகச் சமூகங்களை நோக்கியவை என்று கருதப்படுகிறது. எதற்காக எழுதப்பட்டது? எல்லாச் சமயத்தாருடைய தெய்வங்களுக்கும் நிகராகக் காணிக்கை தரும் பேரரசராகத் தம்மைக் காட்டிக்கொள்வதற்காக. சொல்லாமல் விட்டது எது? அந்தக் காணிக்கைகளைக் கொண்டுவந்த அதே கப்பற்படைதான் 1411-இல் இலங்கையில் போரிட்டு, அங்கிருந்த ஆட்சியாளர் அழகேசுவரனைச் சிறைப்பிடித்துச் சீனாவுக்குக் கொண்டுசென்றது.

இத்தகைய ஆவணத்தைக் கண்டதும் பெரும்பாலான மாணவர்கள், "இது பேரரசரால் எழுதப்பட்டதால் ஒருபக்கச் சார்புடையது" என்று எழுதிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுகிறார்கள். அந்த வாக்கியத்தை எந்த ஆவணத்துக்கும் எழுதலாம் என்பதால் அதற்கு மதிப்பெண் கிடையாது. "வணிகர்களின் மூன்று மொழிகளில் இக்கல்லைப் பொறிக்க மிங் அரசவை முடிவுசெய்ததே, இந்தியப் பெருங்கடல் துறைமுகங்களில் அயல்நாட்டு வணிகச் சமூகங்கள் எவ்வளவு செல்வாக்குடன் இருந்தன என்பதைக் காட்டுகிறது" என்று எழுதும் மாணவிக்கு மதிப்பெண் உண்டு, ஏனெனில் எழுதியவரின் நோக்கத்தைத் தன் வாதத்துக்குச் சான்றாக அவள் மாற்றிவிட்டாள். ஆவணக் கட்டுரைக்கான ஏழு மதிப்பெண்களில் இதற்கென்றே ஒன்று ஒதுக்கப்பட்டிருக்கிறது. இரண்டு ஆவணங்களுக்கு இப்படிச் செய்தால் அது கிடைக்கும். வாரத்துக்கு ஓர் ஆவணம், ஒரு பத்தி என்ற அளவில் கோடையில் செய்தால் போதும். மணிக்கூடு வைத்துக்கொண்டு முழு ஆவணக் கட்டுரை எழுதும் வேலை இப்போது வேண்டவே வேண்டாம். பாடம் தெரியாத நிலையில் அது பிள்ளையைக் கசப்படையவே செய்யும்.

வாதத்தைக் கட்டுவதற்கும் ஒரு பயிற்சி சொல்கிறேன். அதற்கு வெள்ளியின் கதையைவிடப் பொருத்தமான ஒன்றை நான் அறியேன். 1545-இல் இன்றைய பொலிவியாவில் உள்ள பொட்டோசி மலையில் வெள்ளி கண்டுபிடிக்கப்படுகிறது. இன்கா அரசர்கள் மக்களிடம் முறைவைத்து வாங்கிவந்த மிதா என்ற உழைப்பு வரியை ஸ்பானியர் தங்கள் சுரங்கங்களுக்கு ஆள் பிடிக்கும் முறையாக மாற்றிக்கொள்கிறார்கள். அந்த வெள்ளி மெக்சிகோவின் அகாபுல்கோவிலிருந்து பசிபிக் கடலைக் கடந்து, 1571-இல் ஸ்பானியர் கைப்பற்றிய மணிலாவுக்குப் போகிறது. அங்கே சீன வணிகர்கள் பட்டுத் துணியையும் பீங்கானையும் கொடுத்து அதை வாங்கிக்கொள்கிறார்கள். சீனாவில் மிங் அரசு பலவகை வரிகளை ஒன்றாக்கி வெள்ளியாகவே வசூலிக்கத் தொடங்கியிருந்ததால் அங்கே வெள்ளிக்கு அடங்காத தேவை இருந்தது. மற்றொரு பக்கம், 1600-இலும் 1602-இலும் தொடங்கப்பட்ட ஆங்கிலேய, டச்சு நிறுவனங்கள் அதே வெள்ளியைக் கொண்டுவந்து சோழமண்டலக் கரையில் துணி வாங்குகின்றன. அந்தத் துணியைக் கொடுத்து இந்தோனேசியத் தீவுகளில் மிளகும் கிராம்பும் வாங்குகின்றன. இந்தச் சங்கிலியை உங்கள் மகள் ஒரு வரைபடத்தில் அம்புக்குறிகளாக வரைந்துவிட்டு, ஒவ்வோர் அம்புக்குறியின் மேலும் அது "ஏன்" நிகழ்ந்தது என்று ஒரு வரி எழுத வேண்டும்.

அதன்பின், "1450 முதல் 1750 வரையிலான கடல்வழி வணிகம் ஆசியாவை எந்த அளவுக்கு மாற்றியது?" என்ற கேள்விக்கு ஒரே ஒரு வாக்கியத்தில் அவள் விடை எழுதட்டும். முதலில், "கடல்வழி வணிகம் ஆசியாவைப் பல வகைகளில் மாற்றியது" என்று எழுதுவாள். அது யாரும் மறுக்க முடியாத வாக்கியம். மறுக்க முடியாததாலேயே அது வாதம் ஆகாது. திரும்ப எழுதச் சொல்லுங்கள். "அமெரிக்க வெள்ளி சீனாவின் வரிவிதிப்புக்கு அடித்தளமாகி, சோழமண்டலத் துறைமுகங்களில் துணி வணிகத்தைப் பெருக்கியபோதிலும், ஆசியப் பேரரசுகள் தம் வருவாயில் பெரும்பகுதியை நிலவரியிலிருந்தே பெற்றுவந்ததால், ஐரோப்பியரின் வருகை 1750 வரை துறைமுகங்களை மாற்றிய அளவுக்கு உள்நாட்டு அதிகாரத்தை மாற்றவில்லை" என்பது போன்ற ஒரு வாக்கியத்துக்கு அவள் என்றாவது வந்து சேர்ந்தால், அந்த ஒரு வாக்கியத்திலிருந்தே கட்டுரையின் மூன்று பத்திகளும் கிளைத்துவிடும். கோடை முடிவதற்குள் வந்து சேராவிட்டாலும் குறையில்லை. பள்ளியில் நாங்கள் டிசம்பர் வரை அதற்காகத்தான் உழைக்கிறோம்.

திருநெல்வேலியில் நீங்கள் தங்கப்போகும் ஐந்து வாரங்களைப் படிப்புக்கு இடையூறாக நினைக்க வேண்டாம். இந்தப் பாடத்துக்கு அதைவிட வாய்ப்பான ஊரைத் தேடிப்பிடிப்பது கடினம். தாமிரபரணி கடலில் கலக்கும் இடத்தை ஒட்டியுள்ள பழையகாயலும் அதன் சுற்றுப்புறமும்தான் மார்க்கோ போலோ குறிப்பிடும் காயல் துறைமுகம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் ஹோர்முஸிலிருந்தும் ஏதனிலிருந்தும் பாண்டியர்களுக்காகக் குதிரைகள் வந்து இறங்கிய துறை அது. முத்துக்குளித்துறையின் பரதவர்கள் 1530-களில் போர்த்துக்கீசியரின் பாதுகாப்பை நாடிக் கிறித்தவத்தைத் தழுவியதும், 1542-இல் பிரான்சிஸ் சேவியர் அந்தக் கரைக்கு வந்ததும் நான்காம் அலகின் செய்திகள். 1906-இல் வ.உ.சி. தூத்துக்குடியில் தொடங்கிய சுதேசிக் கப்பல் நிறுவனம், குடியேற்ற ஆட்சியைப் பொருளாதாரத்தின் வழியே எதிர்த்த முயற்சிக்கு உலக அளவில் எடுத்துக்காட்டத் தகுந்தது.

இவற்றுள் ஒன்றை மட்டும் முழுமையான ஒப்பீட்டுப் பயிற்சியாக எடுத்துக்கொள்ளுங்கள். கயத்தாற்றுக்குப் போய்வாருங்கள். 1799 அக்டோபரில் கட்டபொம்மனை ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கும்பினியார் தூக்கிலிட்ட ஊர் அது. அதற்கு 18 ஆண்டுகளுக்கு முன்னர், 1781-இல், பெருவின் குஸ்கோ நகரில் இரண்டாம் துபாக் அமாருவை ஸ்பானியர் கொன்றார்கள். அவர் இப்பாடத்தில் பெயரோடு வருபவர். இருவரும் குடியேற்ற ஆட்சிக்கும் தங்கள் மக்களுக்கும் இடையே நின்ற உள்ளூர்த் தலைவர்கள். ஒருவர் பாளையக்காரர், மற்றவர் குராக்கா. இருவரின் மோதலுக்கும் வரி காரணமாக இருந்தது. ஆனால் ஸ்பானியப் பேரரசு அப்போது பெருவை இரு நூற்றாண்டுகளுக்கு மேல் ஆண்டு பழகியிருந்தது. கும்பினியோ நவாபிடமிருந்து வரி வசூலிக்கும் உரிமையைப் பெற்றுச் சில ஆண்டுகளே ஆகியிருந்தன. இந்த வேறுபாடு இரண்டு கிளர்ச்சிகளின் கோரிக்கைகளை எப்படி மாற்றியது என்று உங்கள் மகள் ஒரு பக்கம் எழுதினால், அது அவளுடைய பாடநூலில் எங்கும் இல்லாத ஒரு பக்கமாக இருக்கும். ஆவணக் கட்டுரையில் ஆவணங்களுக்கு வெளியிலிருந்து காட்டும் சான்றுக்குத் தனி மதிப்பெண் உண்டு. பொருத்தமாகவும் சரியாகவும் இருந்தால் கட்டபொம்மனும் அங்கே சான்றாவார். திருத்துபவருக்கு அவர் யாரென்று தெரியாமல் இருக்கலாம் என்பதால், யார், எப்போது, எதற்காக என்பதை ஒரே வரியில் சொல்லிவிட்டுத் தொடர வேண்டும் என்று மட்டும் அவளிடம் சொல்லிவையுங்கள்.

நீங்கள் எப்படி உதவுவது என்று கேட்டிருக்கிறீர்கள். பாடத்தைக் கற்பிக்க முயல வேண்டாம். அவள் படித்ததை உங்களிடம் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். ஆங்கிலத்தில் சொல்லும்போது பாடநூலின் தொடர்களை அப்படியே திருப்பிச் சொல்லிவிட முடியும். தமிழில் சொல்ல வேண்டுமானால் முதலில் அவள் புரிந்துகொண்டிருக்க வேண்டும். அவள் சொல்லச் சொல்ல, "அதற்கு என்ன சான்று?", "அதே நேரத்தில் வேறோர் இடத்தில் இப்படி நடந்ததா?", "இதனால் யாருக்கு நன்மை, யாருக்கு இழப்பு?" என்று கேளுங்கள். இதற்கு உங்களுக்கு உலக வரலாறு தெரிந்திருக்க வேண்டியதில்லை. தாத்தா பாட்டியின் கூடத்தில் இந்த உரையாடல் நடந்தால் இன்னும் நல்லது. ரப்பர்த் தோட்டத்துக்கோ தேயிலைத் தோட்டத்துக்கோ யாரேனும் போன கதை உங்கள் குடும்பத்திலோ அக்கம்பக்கத்திலோ இருந்தால், 1834-க்குப் பிறகு மொரீஷியசுக்கும், 1860 முதல் நேட்டாலுக்கும், இன்னும் இலங்கைக்கும் மலாயாவுக்கும் இந்தியத் தொழிலாளர்கள் பெருந்திரளாகச் சென்ற வரலாறு அவளுக்குப் பக்கத்து வீட்டுச் செய்தியாகத் தெரியும். ஆறாம் அலகில் புலம்பெயர்வு ஒரு முழுத் தலைப்பு.

புத்தகங்களைப் பொறுத்தவரை, இப்போது தேர்வுப் பயிற்சி நூல் எதையும் வாங்க வேண்டாம். ஜனவரி, பிப்ரவரியில் ஒன்றே ஒன்று வாங்கினால் போதும். உறவினர் வீட்டிலிருந்து பழைய பதிப்பு கிடைத்தால் அது 2019-க்கு முந்தையதா என்று பாருங்கள். முந்தையது என்றால் அதன் பாடப்பகுப்பு இன்றைய தேர்வுக்குப் பொருந்தாது. காலேஜ் போர்டின் இணையதளத்தில் பாடத்திட்டக் கையேடும், முந்தைய ஆண்டுகளின் கட்டுரைக் கேள்விகளும், மதிப்பெண் பெற்ற மாணவர்களின் விடைகளும் இலவசமாகவே கிடைக்கின்றன. அந்த விடைகளில் நல்லதொன்றையும் சுமாரானதொன்றையும் அவள் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்து, எது ஏன் மேலானது என்று சொல்லிப் பார்ப்பது எந்த விலைகொடுத்த நூலைக் காட்டிலும் பயன் தரும். அத்தியாயங்களைச் செயற்கை நுண்ணறிவிடம் கொடுத்துச் சுருக்கி வாங்கும் வழக்கம் இப்போது பிள்ளைகளிடம் பரவியிருக்கிறது. வாசிப்புப் பழக்கத்தை உண்டாக்குவதே இந்தக் கோடையின் வேலை என்பதால், அதை ஆகஸ்ட் வரையேனும் தவிர்க்கச் சொல்லுங்கள். பள்ளியிலிருந்து கோடைப் பணி ஏதும் கொடுத்திருந்தால் அதை இப்போது ஒருமுறை படித்துப் பார்த்துவிட்டு, ஊரிலிருந்து திரும்பிய பிறகு, பள்ளி திறப்பதற்கு முந்தைய இரண்டு வாரங்களில் செய்யட்டும். முதல் வாரத் தேர்வு பெரும்பாலும் அதிலிருந்தே வரும். எல்லாம் சேர்த்து நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் போக வேண்டாம். பயண நாட்களிலும் திருமணம், திருவிழா நாட்களிலும் முழு ஓய்வு கொடுங்கள்.

பாடம் சுமையாகுமா என்பதற்கு, முதல் இரண்டு மாதங்கள் கடினமாகத்தான் இருக்கும் என்று இப்போதே சொல்லிவிடுகிறேன். வகுப்பில் நன்றாகச் செய்யும் பிள்ளைகளும் முதல் கட்டுரையில் குறைந்த மதிப்பெண்ணே பெறுவார்கள். அதைக் கண்டு பாடத்தை விட்டுவிடாதீர்கள். அக்டோபர் முடிந்தும் வாசிப்பு அவளை நள்ளிரவு தாண்டி விழித்திருக்க வைக்கிறது, மற்றப் பாடங்களும் அதனால் சரிகின்றன என்றால் மட்டும் ஆசிரியரையும் பள்ளி ஆலோசகரையும் சந்தித்துப் பேசுங்கள். பாடத்தை மாற்றிக்கொள்வதற்கான கடைசி நாள் பள்ளிக்குப் பள்ளி மாறும் என்பதால் அதை ஆகஸ்டிலேயே கேட்டுக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். மே மாதத் தேர்வுக்குப் பதிவு செய்யும் காலம் வழக்கமாக நவம்பர் நடுவில் முடிந்துவிடும். கல்லூரியில் கைகொடுக்குமா என்பது கல்லூரியைப் பொறுத்தது. தேர்வு மதிப்பெண் 1 முதல் 5 வரை. பல அரசுப் பல்கலைக்கழகங்கள் 3 பெற்றாலே பாடக்கணக்கு (கிரெடிட்) தருகின்றன. போட்டி மிகுந்த கல்லூரிகளில் சில 4 அல்லது 5 கேட்கின்றன, சில எதுவும் தருவதில்லை. பத்தாம் வகுப்பில் உங்கள் மகள் எந்தக் கல்லூரிக்குப் போவாள் என்பது யாருக்கும் தெரியாது. ஆகவே அந்தக் கணக்கை இந்த ஆண்டுத் தீர்மானத்துக்குள் கொண்டுவர வேண்டாம். அவளுக்கு விருப்பமான கல்லூரிகளின் பட்டியல் உருவான பிறகு, அவற்றின் விதிகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொள்ளலாம்.